பறந்துபோகாமல் கட்டிவைத்த போர்டு

அறிவாளிகள்தான் கம்பெனி தொடங்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லாததால், சூலூரில் நானும் கிட்டுசாமியும் நாச்சிமுத்துவும் சேர்ந்து ஒன்று தொடங்கினோம். தண்ணீர் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டிக்குள் ஒரு சர்க்யூட் போர்டு இருக்குமே, அதற்கு ஈயம் பற்றவைத்துக் கொடுப்பது எங்கள் தொழில்.

ஈயம் நன்றாக ஒட்ட ஃப்ளக்ஸ் என்று ஒரு பசை தடவுவோம். சூடு பட்டதும் அது பழுப்பாக வழிந்து, பிசுபிசுவென்று போர்டிலேயே தங்கிவிடும். எங்கள் கண்ணுக்கு அது அழகாகத்தான் இருந்தது. மோட்டார் கம்பெனி இன்ஜினியர் மேகலா மேடத்துக்கு அப்படித் தோன்றவில்லை. மாதிரிக்குக் கொடுத்த மூன்று போர்டுகளையும் திருப்பி அனுப்பிவிட்டு போன் செய்தார்.

“ஏனுங்க, நான் கேட்டது போர்டுங்க. நீங்க கடலை முட்டாய் அனுப்பியிருக்கீங்க. ஐ.பி.ஏ. வாங்கி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேச்சுக் கழுவிக் கொண்டாங்க. இந்தத் தடவையும் பிசுபிசுன்னு இருந்தா வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

எங்களிடம் இருந்த ஒரே ஆர்டர் அது, மொத்தம் இருநூறு போர்டு.

நாச்சிமுத்து ஓடிப்போய் மூன்று புது பிரஷ் வாங்கி வந்தான். கிட்டுசாமி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதைப் பல் தேய்க்கிற பிரஷ்னு எப்படிச் சொல்றே? இது இன்னும் ஒரு பல்லைக்கூடப் பாத்ததில்லையே.”

மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்று இன்னொரு முறை பல் தேய்த்தோம். அதன் பிறகுதான் பிரஷ்களுக்கு அந்தத் தகுதி வந்தது.

ஐ.பி.ஏ. என்பது நெடியடிக்கும் ஒரு திரவம். கேனைக் கொடுத்த கெமிக்கல் கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார்: “இதுல கழுவி வெச்சீங்கன்னா ஒரே நிமிஷத்துல பறந்துருமுங்க.”

எது பறக்கும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே ஜன்னல்களைச் சாத்தினோம். ஃபேனை நிறுத்தினோம். ஒவ்வொரு போர்டையும் சணல் கயிற்றால் மேஜைக்காலில் கட்டி, தட்டில் திரவத்தை ஊற்றித் தேய்த்தோம். பழுப்பெல்லாம் கரைந்து வந்தது. மூடிய அறையில் நெடி ஏற ஏற, எனக்குத் தலை சுற்றியது. போர்டு லேசாக எழும்பியதைப் போலவும் இருந்தது.

“கிளம்பிருச்சு” என்றான் கிட்டுசாமி, மெதுவாக. மூவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் போர்டுகள் காய்ந்து பளபளத்தன. தட்டில் ஒரு சொட்டுத் திரவம்கூட இல்லை. நாச்சிமுத்து பெருமூச்சு விட்டான்.

“பாத்தியா, கட்டாம வெச்சது போயிருச்சு. கட்டி வெச்சது இருக்குது.”

மேடத்துக்கு போன் போட்டு, கழுவியாயிற்று என்றேன். இனிமேல் அதில் கை படக்கூடாது, பட்டால் ரேகை விழும், பத்திரமாகக் கொண்டுவாருங்கள் என்றார்.

கை கூடாது. காலா? தொழில் பொருளில் காலை வைப்பது பாவம் என்று நாச்சிமுத்து சொன்னான். முழங்கையால் எடுத்துப் பார்த்தோம், வழுக்கியது. கடைசியில் ஆளுக்கொரு போர்டை முன்பற்களால் கவ்விக்கொண்டு பஸ் ஏறினோம். எச்சில் படாமல் இருக்க உதடுகளை நன்றாக விரித்து வைத்துக்கொண்டோம்.

கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டார். மூன்று பேரும் இளித்தபடி அவரையே பார்த்தோம். “என்னைப் பாத்தா சிரிப்பா இருக்குதா?” என்று கேட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். மிச்ச தூரம் நடந்தே போனோம். நாய்கள் கொஞ்ச தூரம் துணைக்கு வந்தன.

நல்லவேளை, மேடம் அறையில் இல்லை. போர்டுகளை மேஜை மேல் இறக்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நின்றோம். அவர் வந்து ஒவ்வொன்றாக லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். ஃப்ளக்ஸ் துளியும் இல்லை. ஓரத்தில் சின்னதாக இரண்டு பள்ளங்கள் இருந்தன. அது என்ன என்று கேட்டார்.

“எங்க கம்பெனி முத்திரைங்க” என்றான் கிட்டுசாமி.

மேடத்துக்குத் திருப்தி. “இருநூறும் இதே மாதிரி வேணுங்க. கொஞ்சம்கூட மாறக்கூடாது.”

மூன்று பேர் பல்லை வைத்துக்கொண்டு இருநூறு போர்டை எப்படிக் கொண்டுபோவது? மறுநாள் காலையில் கம்பெனி வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டோம்:

‘ஆட்கள் தேவை. முன் அனுபவம் வேண்டாம். முன்பல் இருந்தால் போதும்.’