உருளைக்கிழங்கு கைதான கதை

உருளைக்கிழங்கு சாப்பிட்டால் உடம்பு ஊதிவிடும் என்று நம்புகிறவர்கள் இன்றும் நம்மிடையே சுதந்திரமாக நடமாடுகிறார்கள். நாட்டின் நலன் கருதி இதைத் திருத்தாமல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த அவதூறு எங்கே விசாரிக்கப்பட்டது, எப்படித் தள்ளுபடியானது என்று சொல்லிவிடுகிறேன்.

முன்னொரு காலத்தில், அதாவது உருளைக்கிழங்கு கப்பலில் வந்து இறங்கி நம் மலைகளில் ஏறிய பிறகு (அதற்கும் முன்னால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்), குறிஞ்சாக்கோட்டையைச் செண்டலங்காரர் என்ற மன்னர் ஆண்டுவந்தார். அவருடைய பிறந்தநாள்தோறும் கோயிலில் துலாபாரம் நடக்கும். தராசின் ஒரு தட்டில் மன்னர், மறு தட்டில் அவர் எடைக்கு எடை வெல்லம். அந்த வெல்லத்தில்தான் ஊருக்கே சர்க்கரைப் பொங்கல்.

ஓர் ஆண்டு, கொண்டுவந்த வெல்லம் முழுவதையும் ஏற்றியும் மன்னரின் தட்டு தரையை விட்டு எழவில்லை. கடைத்தெருவுக்கு ஆள் ஓடினான். வெல்லம் வந்து சேரும்வரை மன்னர் தட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் சபையில் மன்னர் கர்ஜித்தார். "இந்த உடம்புக்கு யார் பொறுப்பு?"

களஞ்சியத் தலைவர் திருமேனிநாதர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர். அமைச்சர் பதவி மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"சொல்லவே நாக்குக் கூசுகிறது, மகாராஜா. எல்லாம் அந்த உருளைக்கிழங்கு செய்த வேலை. மலையூர்க்காரர்களுக்கு விதை கொடுத்து அதைப் பயிரிட வைத்தவர் நம் அமைச்சர் அம்பலக்கூத்தர்தான்."

"அப்படியா! மலையில் இருக்கும் அத்தனை செடியையும் பிடுங்கி எறியுங்கள். அமைச்சரும் மூட்டை கட்டட்டும்!"

மலையூர்களில் அந்த ஆண்டு வேறு விளைச்சல் இல்லை. செடி போனால் அடுப்பெரியாது. அம்பலக்கூத்தருக்கு அது தெரியும். அவர் முன்னால் வந்து வணங்கினார்.

"உத்தரவு, மன்னா. ஆனால் நம் நாட்டில் ஆட்டுத் திருடனைக்கூட விசாரிக்காமல் தண்டிப்பதில்லையே. கிழங்கையும் சபைக்கு வரவழைக்கலாமே?"

"கிழங்கு வாய் திறந்து பேசுமோ, அமைச்சரே?" என்றார் திருமேனிநாதர். சபை சிரித்தது.

"பேச வைக்கிறேன். மன்னருக்குத் தினமும் எப்படிப் பரிமாறுகிறார்களோ அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள்."

தாம்பாளம் நிறையக் கிழங்கு வறுவல் வந்தது. மேலே முந்திரி, பக்கத்தில் சோற்றுக் குவியல். அமைச்சர் வறுவலை அள்ளி ஒரு பாத்திரம் கொதிநீரில் போட்டுக் கிளறினார். சற்று நேரத்தில் நெய் விரற்கடை உயரத்துக்கு மிதந்தது.

"திருமேனிநாதரே, இந்த நெய் எந்த மலையில் விளைந்தது?"

"அது... களஞ்சியத்து நெய்."

"முந்திரி?"

"அதுவும் களஞ்சியம்தான்."

"நன்றாகத்தான் பிடித்தீர்கள் குற்றவாளியை! கூட்டாளிகள் எல்லாரும் உங்கள் பாதுகாப்பில் இருக்கிறார்களே!"

மன்னர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

அடுத்து, தோலோடு அவித்த கிழங்கு உப்பும் மிளகும் தூவி வந்தது. கூடவே கீரையும் மோரும். மன்னரின் கை பழக்கத்தில் சோற்றுப் பக்கம் போனது.

"வேண்டாம், மன்னா. கிழங்கும் சோற்றுக்கு உறவுதான், இரண்டும் மாவு. அதைக் காய் என்று எண்ணி இரண்டையும் ஒரே இலையில் வைத்தது நம் தப்பு. கிழங்கு வந்தால் சோறு எழுந்து இடம் விட வேண்டும்."

மன்னர் இரண்டு கிழங்கு தின்றார். மூன்றாவதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "என்னய்யா இது, வயிறு நிறைந்துவிட்டதே!" தோலில் இருக்கும் நார்ச்சத்தையோ, உள்ளே இருக்கும் பொட்டாசியத்தையோ, வைட்டமின் சியையோ அந்தச் சபையில் ஒருவரும் அறியார். அறியாவிட்டாலும் அவை மன்னரின் வயிற்றுக்குள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஒருவேளைச் சாப்பாடு என்ன சாட்சி?" என்றார் திருமேனிநாதர்.

"அடுத்த துலாபாரம்வரை மன்னர் இப்படியே உண்ணட்டும். எடை குறையாவிட்டால் நானே மலையேறிச் செடிகளைப் பிடுங்குகிறேன்."

"குறைந்தால்?" என்றார் மன்னர்.

"இந்த ஆண்டு ஏற்றிய அளவு வெல்லத்தையே அன்றும் வைப்போம். மிஞ்சுவதை நாதர் கோட்டைக்குச் சுமக்கட்டும்."

"சம்மதம்!" என்றார் திருமேனிநாதர். மன்னரின் நாக்கை அவருக்குத் தெரியும். அன்று முதல் மாலைவேளைகளில் நெய் மணக்கும் தட்டோடு வந்து நின்றார். "கூட்டாளியா? வெளியே நிற்கட்டும்" என்று மன்னர் அனுப்பிவிடுவார்.

துலாபார நாள் வந்தது. சென்ற ஆண்டு ஏற்றிய வெல்லம் முழுவதும் தயாராக இருந்தது. கூடைகள் பாதிக்குமேல் ஏறியதும் மன்னரின் தட்டு ஆடியது. இன்னும் சில ஏறியதும் ஜிவ்வென்று மேலே எழுந்தது. ஊரே ஆரவாரித்தது. தட்டிலிருந்தபடியே மன்னர் தீர்ப்புச் சொன்னார்: மலையில் ஒரு செடியைத் தொடக்கூடாது, களஞ்சியச் சாவி இனி அம்பலக்கூத்தரிடம்.

திருமேனிநாதர் மிஞ்சிய வெல்லக் கூடைகளை ஒவ்வொன்றாகத் தலையில் ஏற்றிக் கோட்டைப் படியேறினார்.

"மெதுவாக, நாதரே!" என்று மன்னர் குரல் கொடுத்தார். "மூச்சு வாங்கினால் உட்காருங்கள். அவித்த கிழங்கு அனுப்பி வைக்கிறேன்."

அந்த ஆண்டுச் சர்க்கரைப் பொங்கலில் இனிப்புப் போதவில்லை என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தது.