எரிக்கக் கொண்டுவந்த பாவாடை

மலையடி மடத்தின் குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடர்கள் ஏழு பேர். அவர்களில் ஜம்லி என்ற லம்பாடிப் பெண்ணுக்கு அறுபத்தொன்று.

உப்புப் பொதி மாடுகளோடு போன அவள் கூட்டம், கால் முறிந்த அவளை மடத்தில் விட்டுச் சென்று ஒன்பது வருடம் ஆகிறது. கால் தேறியது. அவள் போகவில்லை. தானே கேட்டு வெள்ளை உடுத்திக்கொண்டாள். கண்ணாடிச் சில்லு பதித்த சிவப்புப் பாவாடை மூங்கில் பெட்டிக்குள் போனது. அந்தப் பெட்டியைத் திறந்துவைத்தால் மடத்து விளக்குகளுக்கு எண்ணெய் மிச்சம் என்று மற்ற ஆறு பேரும் கேலி செய்வார்கள்.

தை மாதத்தில் ஒருநாள் காலை, பாவாடையை எரிக்க அவள் அனுமதி கேட்டாள். குரு காரணம் கேட்டார்.

மூன்று நாள் முன்பு கீழ்ப்பாதையில் ஒரு லம்பாடிக் கூட்டம் போனதாம். ஒரு பெண் மட்டும் கிணற்றடிக்கு ஏறி வந்து இவளிடம் தண்ணீர் கேட்டாளாம்.

"என்னை அம்மான்னு கூப்பிட்டா சாமி. தமிழ்ல. எங்க ஆளுன்னு தெரிஞ்சிருந்தா யாடின்னு கூப்பிட்டிருப்பா."

"நீங்க உங்க பேச்சுல பதில் சொல்லலையா?"

"வாய் வரைக்கும் வந்துது. அதுக்குள்ள வெள்ளைத் துணியைக் கும்பிட்டுட்டுப் போயிட்டா."

அன்றிலிருந்து கண்ணை மூடினால் பாவாடைதான் தெரிகிறது என்றாள்.

"இப்ப நான் ரெண்டு பக்கமும் இல்ல. இதை எரிச்சுட்டா ஒரு பக்கமாவது ஆவேன்."

குரு முற்றத்தில் சுள்ளி அடுக்கித் தீ மூட்டினார். தன் கை செய்ததை மட்டுமே எரிக்கலாம் என்பது மடத்து விதி. ஆகவே அவள் தைத்த பகுதியைப் பிரித்துத் தீயில் போடச் சொன்னார்.

ஜம்லி பாவாடையை மடியில் விரித்தாள். கண்ணாடிகள் இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்று உதிர்ந்திருந்தன. விளிம்பிலிருந்து இடுப்புவரை விரலால் தடவிக்கொண்டே போனாள். திரும்பவும் ஒருமுறை தடவினாள். சுள்ளி பாதி எரிந்துவிட்டது.

"ஒரு தையலும் என்னுது இல்ல சாமி. எல்லாம் என் யாடி தைச்சது. எங்கள்ல பொண்ணு தனக்குத் தைச்சுக்க மாட்டா. கல்யாணத்துக்கு யாடிதான் தைச்சுக் குடுப்பா."

"நீங்க தைச்சது?"

"என் மக உடுத்திக்கிட்டுப் போனா. வேற கூட்டத்துல குடுத்தோம்."

"இப்ப எங்க இருக்கா?"

"தெரியாது. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

குரு தீயில் தண்ணீர் ஊற்றினார்.

"நீங்க தைச்ச பாவாடை இந்தப் பெட்டியில இல்லைம்மா. அது இன்னும் நடந்துக்கிட்டிருக்கு."