மந்திரி சொன்ன "நாம்"

என் சிநேகிதர் மீரான் மரைக்காயர் சொன்ன இந்தக் கதையை நான் பல வருஷமாக நம்பவில்லை.

ஒரு கடற்கரை நாட்டில் புது மந்திரி வந்ததும் பழைய மந்திரியைச் சிறையில் போட்டார். கடலுக்கு அப்பால் இருந்த தீவின் ராஜா எதிரியிடம் அடிபட்டுக் கப்பல் கேட்டபோது, "துணை வருவதாக வாக்குக் கொடுத்த பழைய மந்திரி சிறையில் இருக்கிறான். அந்த வாக்கை நாங்கள் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிட்டார். அங்கே ஊர் ஊராக எரிந்தது.

அடுத்த வருஷம் அதே எதிரி இந்தக் கரைக்கு வந்தான். தூது போக மானமுள்ள எவரும் முன்வரவில்லை. படகோட்டி பிச்சாண்டியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"நாம் ஆபத்தில் இருக்கிறோம். தீவு ராஜாவிடம் போய்க் கப்பலோடு வா. வெறுங்கையோடு வந்தால் உன் தலை இருக்காது" என்றார் மந்திரி.

"சரி சாமி. போன வருஷம் நாங்கள்னு சொன்னீங்க, இன்னைக்கு நாம்னு சொல்றீங்க. இந்த நாம்ல யார் யார் சேர்த்தி?"

"நீ, நான், நாட்டில் உள்ள எல்லோரும்தானடா."

"சிறையில இருக்கிறவருமா?"

சபையே மந்திரியின் வாயைப் பார்த்தது. வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

"அப்போ அவரைப் படகுல ஏத்துங்க சாமி. நீங்களும் பக்கத்துல உட்காருங்க. உங்களுக்குள்ளேயே செல்லாத வாக்கு, கடல் தாண்டியா செல்லும்?"

இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே படகில் போனார்களாம். கப்பல்கள் வந்தனவாம், எதிரி ஓடினானாம்.

போன வாரம் மரைக்காயரிடம் கேட்டே விட்டேன்: "எதிரி ஓடிய மறுநாள் அந்தப் பழைய மந்திரி எங்கே இருந்தார்?"

"வேறெங்கே, சிறையில்தான்" என்று அவர் சொன்ன பிறகுதான் கதையை நம்பினேன்.