அழிந்த கோட்டின் மேல் ஒரு கால்

ஒரு மைதானத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு இருந்தது. பிறந்து அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அதற்குத் தலைக்கனம் வந்துவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. அன்று பெண்களுக்கான சாஃப்ட்பால் இறுதி ஆட்டம். பந்தை அடிக்க வருகிறவள் நிற்பதற்கு மண்ணில் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தின் முன்பக்க எல்லைதான் நம் கோடு. மட்டையில் பந்து படும்போது அவள் பாதம் கோட்டின் மேல் கொஞ்சமாவது இருந்தால் போதும், தப்பில்லை. பாதம் மொத்தமும் கோட்டைத் தாண்டி மண்ணில் பதிந்திருந்தால் அவுட். பந்து வானத்தைத் தொட்டிருந்தாலும் செல்லாது.

"நான் இருக்கிற வரைக்கும்தான் இங்கே நியாயம்" என்று கோடு பக்கத்தில் பதித்திருந்த ரப்பர் தட்டிடம் சொன்னது.

அந்த ஆட்டத்தில் பந்தை வேகமாக வீச மாட்டார்கள். மேலே தூக்கிப் போடுவார்கள். அது வில்லாக வளைந்து ஆற அமர இறங்கி வரும். அதுவரை நின்ற இடத்தில் நிற்பதுதான் கஷ்டம். சுடர்விழி என்ற ஆட்டக்காரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. முன்னால் பாய்ந்து அடிப்பது அவள் பழக்கம். அவளுடைய ஷூ கோட்டிடம் வந்து, கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னது. இடம் மாறிவிட்டால் பிறகு தான் ஒரு கோடாகவே இருக்க முடியாது என்றது கோடு.

"அப்ப இல்லாமலே போ" என்றது ஷூ.

மண்ணைச் சரிசெய்கிற மாதிரி நாலு தேய்ப்பு. வெள்ளை செம்மண்ணோடு கலந்துவிட்டது.

நடுவர் பொற்கொடி பார்த்துவிட்டார். ஆட்டத்தை நிறுத்தி, இன்னொரு முறை கோட்டை அழித்தால் தண்டனை உண்டு என்று சுடர்விழியை எச்சரித்தார். ஆனால் அதற்குப் பிறகு வந்த கால்கள் மிச்சத்தையும் வாரிக்கொண்டு போயின. கோடு இப்போது வெறும் தூசி. கொஞ்சம் புல்லில், கொஞ்சம் எவள் எவள் ஷூவிலோ. பழைய இடத்தில் ஒரு சிட்டிகை தங்கியிருந்தது. அந்தச் சிட்டிகைக்கு ஒரே ஆசைதான்: சுடர்விழி மாட்டிக்கொள்ள வேண்டும்.

கடைசியில் மறுபடியும் சுடர்விழியே வந்தாள். அடித்தால் கோப்பை, தவறினால் தோல்வி. பந்து மேலே போனது, உச்சியில் நின்று யோசிப்பது போல இருந்தது, பிறகு இறங்கியது. அவளால் பொறுக்க முடியவில்லை. இடது கால் முன்னே பாய்ந்தது. மட்டை சுழன்றது. பந்து எல்லோருக்கும் மேலாகப் பறந்து வேலிக்கு அப்பால் விழுந்தது.

எதிரணித் தலைவி ரெஜினா நடுவரிடம் ஓடி வந்தாள். கால் வெளியே இருந்தது என்றாள். எல்லோரும் குனிந்து மண்ணைப் பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"நான் எங்க இருந்தேன்? உனக்குத் தெரியும்ல?" என்று ஷூ தூசியிடம் கேட்டது.

தூசிக்குத் தெரியும். ஷூவின் பின்விளிம்பு தன்மேல்தான் இருந்தது, நகக்கண் அளவுக்கு. ஆனால் அது, "வெளியேதான் இருந்தே" என்றது.

பொற்கொடி மண்ணைப் பார்க்கவில்லை. கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார்.

"குதிகால் கோட்டு மேல இருந்துச்சு. அடி செல்லும்."

"கோடே இல்லையே மேடம். அழிச்சதும் அவதானே" என்றாள் ரெஜினா.

"அழிச்சதுக்கு அப்பவே எச்சரிச்சேன்மா. அந்தக் கோபத்தை இதுல சேர்க்கக் கூடாது. இப்ப கேள்வி, கால் எங்க இருந்துச்சுங்கறது மட்டும்தான்."

ரெஜினா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டு நடந்தாள். சுடர்விழி குதிக்கவில்லை. காலைத் தூக்கி, தான் மிதித்திருந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் அந்த இடத்தில் கால் படாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

தன்னை அழித்தவள் மேலிருந்த கோபத்தில் தூசி பொய் சொன்ன அதே நேரத்தில், தன்னைத் தொட்டுக்கூடப் பார்க்காத நடுவரின் கண்ணுக்குள் தான் முழுசாகக் கிடந்ததை அது கண்டது. ஒரு பொடிகூட உதிராமல், ஒரு பக்கமும் சாயாமல்.

வெள்ளையாக இருந்தபோதுகூட அது அத்தனை நேராக இருந்ததில்லை.