ஓடுகிற வண்டிக்கு வந்த சேதி

உமையாளுக்கு ஆசிரமம் என்று ஒன்று கிடையாது. சினிமாக்காரர்களிடம் ஓடிக் களைத்த பழைய கேரவன் ஒன்றுதான் அவருக்கு மடமும் மடைப்பள்ளியும். உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, குழாயைத் திறந்தால் தண்ணீர்கூட வரும். சிஷ்யைகளுக்கு அவர் உமையக்கா. அந்தச் சிஷ்யைகளில் கேரவன் ஓட்டத் தெரிந்தவள் செல்லக்கனி.

அன்றைக்கு மதுரைக்குப் பயணம். செல்லக்கனியின் நாலு வயது மகன் இசக்கிக்கு விடியும்போதே காய்ச்சல். மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கை ஸ்டியரிங்கில் இருந்தது. போன் மடியில் இருந்தது. மனசு வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது.

"ஓட்டும்போது போன் வேண்டாம்னு சொன்னேனே," என்றார் உமையக்கா உள்ளேயிருந்து.

"ரெண்டு காது இருக்கேக்கா. ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு ரோட்டுக்கு. அதுல என்ன தப்பு?"

உமையக்கா ரசச் சட்டியை மூடிவைத்தார்.

புளியங்குடி தாண்டியதும் போன் அடித்தது. எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"வண்டி ஓட்டுதியா தாயி?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை. காய்ச்சல் எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கான். நீ பைய வா."

செல்லக்கனிக்கு உயிர் வந்தது. போனைப் பார்த்து அணைத்துவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடி முழுக்கப் புல். புல்லுக்கட்டோடு ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பிரேக்கை மிதித்தாள். கேரவன் குலுங்கி, அவருக்கு ஒரு முழம் பின்னால் நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். "வீட்டையே ஓட்டிட்டு வாறியே தாயி, வாசலைப் பாத்து ஓட்டக்கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உள்ளே ரசச் சட்டி கவிழ்ந்து, உமையக்காவின் புடவையெல்லாம் ரசம். கட்டிலில் உறங்கிய இன்னொரு சிஷ்யை சரோஜினி தரையில் உட்கார்ந்திருந்தாள். "இறங்குற இடம் வந்துட்டா?" என்றாள்.

செல்லக்கனி ஒரு வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினாள். உமையக்கா புடவையைப் பிழிந்துகொண்டே முன்னால் வந்து உட்கார்ந்தார். திட்டு விழும் என்று இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிள்ளை எப்படி இருக்கானாம்?"

"நல்லா இருக்கானாம்க்கா."

"உங்க அத்தை முதல்ல என்ன கேட்டாங்க?"

"வண்டி ஓட்டுதியான்னு கேட்டாங்க."

"உன் சித்தப்பா தவறினப்ப அவரு மகன் பைக்ல வந்துக்கிட்டிருந்தான். போன்ல அவன்கிட்டப் பேசினது நீதானே. என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல, பைய வான்னு..."

பாதியில் வாய் நின்றுவிட்டது. கீழே இறங்கி மாமியாரைக் கூப்பிட்டாள்.

"வண்டியை நிறுத்திட்டேன் அத்தை. உள்ளதைச் சொல்லுங்க."

மாமியார் அழுதுவிட்டார். இவள் கிளம்பின கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கிறது. தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குளுக்கோஸ் ஏறுகிறது. இன்னும் கண் திறக்கவில்லை.

செல்லக்கனி ஓடிவந்து ஏறினாள். சாவியைப் போட்டாள், துளைக்குள் போகவில்லை. மறுபடியும் போட்டாள்.

உமையக்கா அவள் கையைப் பிடித்துச் சாவியை வாங்கிக்கொண்டார். "நீ இந்தப் பக்கம் வா. ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டுறேன். நீ உன் பிள்ளையோட இரு."

"மதுரைக்குப் போகணுமேக்கா."

"அது அங்கயேதான் இருக்கும்."

கேரவன் தென்காசிப் பக்கம் திரும்பியது. கடையநல்லூர் வந்தபோது போன் அடித்தது. செல்லக்கனி இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்தாள். பிள்ளை கண் திறந்துவிட்டானாம். அம்மா எங்கே என்று கேட்டானாம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என்னட்டி, என்ன சொல்லுதாங்க?" என்று சரோஜினி பின்னாலிருந்து தோளை உலுக்கினாள். உமையக்கா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அழுகை அடங்கி, செல்லக்கனி அவர் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, என்னன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே."

"வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்ல," என்றார் உமையக்கா. "நின்னதும் முழுசாக் கேக்கிறேன்."