பம்பருக்குச் சந்தனம், கொக்கிக்குக் கிரீஸ்

முதலில் தவறு செய்தது பம்பர்தான். பின்னால் யார் எப்படி மாற்றிச் சொன்னாலும் சரி, முதலில் வாயைத் திறந்தது அதுதான். கொக்கி அதுவரை ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

திருச்செங்கோட்டில் அர்த்தநாரி என்பவருக்கு ஒரு பட்டறை இருந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை. ஒரு நாள் காலையில் அங்கே ஒரு பெரிய சீமை வண்டி வந்து நின்றது. ஒரு காலத்தில் மில் முதலாளிகள் ஏறிப்போன வண்டி. மூன்று கை மாறி, சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளில் ஒன்று கிழிந்து, ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்தது. பட்டறை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"நொண்டி யானை" என்றான் ஒருவன்.

வண்டியை ஓட்டி வந்தவள் நல்லம்மாள். கொல்லிமலையில் ஊர் ஊராகப் போய்ச் சாமை தீட்டிக் கொடுப்பது அவள் தொழில். சாமை தீட்டும் மில்லை ஒரு டிரெய்லரில் ஏற்றி வைத்திருந்தாள். அதை இழுத்த பழைய ஜீப் இரண்டு முறை பாதி மலையில் நின்றுபோனது. இரண்டு முறையும் கடைசி ஊரான ஈச்சம்பட்டிக்குப் போக முடியவில்லை. மூன்றாம் முறையும் வராவிட்டால் சாமையை உமியோடு வியாபாரிக்குப் போட்டுவிடுவோம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஈச்சம்பட்டி கையைவிட்டுப் போனால் மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாகப் போய்விடும். பிறகு மில்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

"ஏனம்மிணி, யானையக் கட்டித் தீனி போட முடியுமா?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"தீனி நான் போட்டுக்கறேனுங்கண்ணா. யானை மலை ஏறோணும். அவ்வளவுதான்."

அர்த்தநாரி ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"அடியில சட்டத்தைப் பாருங்க. ரிக்கு வண்டிச் சட்டம் தோத்துப்போயிரும். இதைப் பண்ணுனவன் மலைக்குன்னுதான் பண்ணிருக்கறான். வாங்குனவனுங்கதான் கல்யாணத்துக்கும் கடைவீதிக்கும் ஓட்டிட்டானுங்க."

வண்டி இதைக் கேட்டது. இத்தனை வருடத்தில் அதன் இருக்கைத் தோலையும் தையலையும் புகழாதவர் இல்லை. எலும்பைப் புகழ்ந்தவர் இவர் ஒருவர்தான்.

வேலை பதினோரு நாள் நடந்தது. காற்றுப் பைகளைக் கழற்றினார்கள்.

"நாங்கள் இருந்தவரை முதலாளி இறங்கும்போது வண்டி தானாகக் குனியும்" என்று புலம்பின காற்றுப் பைகள்.

அவற்றின் இடத்துக்கு வந்த இரும்புச் சுருள்கள், "இனிமேல் யாருக்கும் குனிய வேண்டியதில்லை" என்றன.

பளபளக்கும் பெரிய சக்கரங்கள் போய், சிறிய சக்கரத்தில் பருத்த மண் டயர்கள் வந்தன. பக்கத்துப் படிகளை அறுத்தார்கள். தண்ணீரில் இறங்கினாலும் மூச்சு முட்டாமலிருக்க, எஞ்சினுக்குக் கூரைவரை ஒரு குழாய் வைத்தார்கள். வண்டி முதல் நாள் கூசியது. மறுநாள் புதிய டயரால் பட்டறை மண்ணை மிதித்துப் பார்த்தது. 'தரை என்பது இப்படியா இருக்கும்!' என்று நினைத்துக்கொண்டது.

பின்பக்கத்து வெள்ளிநிறப் பம்பரையும் கழற்றத்தான் அர்த்தநாரி நினைத்தார். நல்லம்மாளோடு மில் ஓட்டப் போகும் ராக்கியண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"அதை மட்டும் விட்டுப்போடு மாப்ள. பின்னாடி நிக்கறவன் பாக்கறது அதைத்தான். நாலு பேரு மதிக்க வேண்டாமா?"

"மதிக்கறவன் வந்து தள்ளியுட மாட்டான் மாமா" என்றார் அர்த்தநாரி. ஆனாலும் விட்டுவிட்டார்.

அதற்குள் டிரெய்லரை மாட்டி இழுக்கும் கொக்கி தயாராகியிருந்தது. உடைத்துப்போட்ட ஒரு ரிக் வண்டியின் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்த கனத்த தகட்டில் செய்தது. சாயம் பூசவில்லை. அதை வண்டியின் சட்டத்தோடு எட்டு போல்ட் போட்டு முடுக்கினார்கள். கொக்கி வெளியே வர வழி வேண்டுமே என்று பம்பரின் அடிப்பக்கம் ஒரு சாண் அறுத்தார்கள்.

அப்போதுதான் பம்பர் அந்தச் சொல்லைச் சொன்னது.

"இந்தத் துருப்பிடித்த எச்சத்துக்காகவா என் வயிற்றைக் கிழித்தீர்கள்? பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது வழி தவறி இங்கே வந்திருக்கிறது."

பட்டறையில் இருந்த ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் கேட்டுச் சிரித்தன. அறுத்தது அர்த்தநாரியின் ரம்பம். கொக்கி என்ன செய்தது? ஆனாலும் அது அந்தச் சொல்லை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது.

கிளம்புகிற நாளில் பூசை போட்டார்கள். பம்பர் முழுக்கச் சந்தனம் தீற்றிக் குங்குமம் வைத்தார்கள். கொக்கிக்கு ராக்கியண்ணன் ஒரு கை கிரீஸை அப்பினார்.

"எனக்குச் சந்தனம். உனக்கு என்ன?" என்று கேட்டது பம்பர்.

"கிரீஸ்."

"வாசனை எப்படி?"

"ஈ வராது" என்றது கொக்கி.

அர்த்தநாரி நல்லம்மாளைப் பின்பக்கம் கூட்டிவந்தார்.

"அம்மிணி, தினம் கிளம்பறதுக்கு முன்னால இந்தக் கொக்கிய ரெண்டு உதை உதைங்க. ஆடலீன்னா போலாம். ஓடறப்ப டொக்கு டொக்குனு சத்தம் வந்துச்சுன்னா, யாரு என்ன சொன்னாலும் நிறுத்திப்போடுங்க. இது சும்மா பேசாது."

நல்லம்மாள் இரண்டு உதை உதைத்தாள். கொக்கி அசையவில்லை. பம்பர் விழுந்து விழுந்து சிரித்தது.

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஜீப் மூச்சு முட்டி நின்ற இடத்தை வண்டி கவனிக்கக்கூட இல்லை. வளைவுக்கு வளைவு அதன் குரல் கனத்தது. தார்ச்சாலை முடிந்து மண் பாதை தொடங்கியதும் நல்லம்மாள் கியரைத் தாழ்த்தினாள். ஆள் நடக்கிற வேகத்தில், ஒரு சக்கரம் பள்ளத்திலும் ஒரு சக்கரம் கல்லின் மேலுமாக, வண்டி ஏறியது. எந்தச் சக்கரத்துக்குப் பிடி கிடைத்ததோ அந்தச் சக்கரத்துக்கு மொத்தப் பலத்தையும் கொடுத்தது. அதைப் பார்க்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து போனவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் தொங்கிக்கொண்டிருந்த கொக்கி பார்த்தது.

"பின்னால் கனமாக இருக்கிறதா?" என்று கேட்டது வண்டி.

"என் மேல் இருக்கிறது. நீ இழு" என்றது கொக்கி.

மூன்று ஊர்களில் மில் ஓடியது. அந்த மலையில் கூலியாகக் காசு வாங்கும் வழக்கம் இல்லை. சாமையாகவே அளந்து கொடுப்பார்கள். கூலிச் சாமையை ஊராரின் சாமையோடு சேர்த்து வைக்கக் கூடாது என்று நல்லம்மாளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கலந்தால் திருட்டுப் பேச்சு வரும். அதனால் டிரெய்லரின் முன்பக்கத்தை வழியில் ஏற்றப்போகும் ஊரார் மூட்டைகளுக்கென்று காலியாக விட்டுவிட்டு, தன் கூலி மூட்டைகளையெல்லாம் கடைசியில், கதவை ஒட்டி அடுக்குவாள். ஜீப் காலத்தில் ஒரு பயணத்தில் ஓர் ஊருக்கு மேல் போனதில்லை. அதனால் மூட்டையும் சேர்ந்ததில்லை. இப்போது மூன்று ஊர்க் கூலி பின்னால் மலைபோல் ஏறிவிட்டது.

ஈச்சம்பட்டிக்கு இன்னும் இரண்டு மைல். பாதை சரிவில் இறங்கியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

பம்பருக்குத் திடீரென்று மகிழ்ச்சி.

"பார்த்தாயா? நான் உயர்ந்திருக்கிறேன்! காலையில் இருந்ததைவிட ஒரு சாண் உயரம்!"

"நீ உயரவில்லை. நம்மைத் தூக்குகிறார்கள்" என்றது கொக்கி.

"உனக்குப் பாரம் குறைந்திருக்கிறதே. சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

"என் மேல் பாரம் அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் பின்னால் வருகிறவன் நேராக வருவான். இப்போது அவன் வால் கனத்துவிட்டது. என்னை மேலே நெம்புகிறான். சிறிது நேரத்தில் பக்கவாட்டில் ஆடத் தொடங்குவான்."

சொல்லி முடிப்பதற்குள் டிரெய்லர் ஆடியது. ஒருமுறை பாறைப் பக்கம். ஒருமுறை பள்ளத்தின் பக்கம். வண்டியின் பின்சக்கரங்களுக்குத் தரைப்பிடி குறைந்தது.

கொக்கி வாயைத் திறந்தது. டொக். டொக். டொக்.

"வாயை மூடு! மானம் போகிறது!" என்று சீறியது பம்பர்.

டொக். டொக்.

நல்லம்மாள் மெதுவாக வண்டியை நிறுத்தினாள். ராக்கியண்ணன் பதறினார்.

"ஏனம்மிணி நிறுத்தற? வியாபாரி கழுதைங்க மத்தியானத்துக்கு வந்துருமாம். இப்பவே பொழுது உச்சிக்கு வந்துருச்சு. புதுக் கொக்கி, அப்படித்தான் சத்தம் போடும். நீ போ."

"இது சும்மா பேசாதுன்னு பட்டறை அண்ணன் சொல்லிருக்கறாரு."

அவள் இறங்கிப் பின்னால் வந்தாள். தலையை நிமிர்த்தி நின்ற பம்பரைப் பார்த்தாள். அதன் கீழே போல்ட்டுகள் தெறித்துவிடும்போல இறுகி நின்ற கொக்கியைப் பார்த்தாள். பிறகு டிரெய்லரின் வாலைப் பார்த்தாள்.

"மூட்டை பூராவும் முன்னாடி போகோணும்."

"முன்னாடி ஊர்க்காரங்க எடமாச்சே. நீதான கலக்கக் கூடாதும்ப?"

"நம்ம மூட்டை வாயில மஞ்சக் கயித்தக் கட்டுங்க. எங்க கெடந்தாலும் நம்முளுதுன்னு தெரியும். எனக்கு இது முன்னாலயே தோணல, பாருங்க. தூக்குங்கண்ணா."

இருபத்திரண்டு மூட்டை. ராக்கியண்ணன் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு வசவு வைத்துத் தூக்கினார். மூட்டைகள் முன்னால் ஏற ஏற வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. பம்பரும் தாழ்ந்தது.

"ஐயோ, என்னை இறக்குகிறார்கள்!" என்று அழுதது.

முழுப் பாரமும் கொக்கியின் மேல் வந்து உட்கார்ந்தது. கொக்கி பேச்சை நிறுத்திக்கொண்டது. டிரெய்லர் கன்றுக்குட்டிபோல வண்டியின் தடத்திலேயே நடந்து வந்தது.

ஊருக்கு முன்னால் ஓர் ஓடை. தொடையளவு தண்ணீர், அடியில் பாறை. வண்டி முகத்தை நனைத்துக்கொண்டு இறங்கியது. கூரைக் குழாய் வழியாக மூச்சு விட்டது. முன்சக்கரங்களைக் கரையில் ஊன்றி நிமிர்ந்தது. முன்பக்கம் மேலே போனதும் பின்பக்கம் கீழே போனது. தண்ணீருக்குள்ளிருந்து கூரான ஒரு பாறை எழுந்து வந்தது.

"பாறை! பாறை! நான் செத்தேன்!" என்று அலறியது பம்பர்.

கொக்கி பம்பரைவிட நான்கு விரல் தாழ்வாக இருந்தது. பாறை முதலில் தொட்டது அதைத்தான். இரும்பும் கல்லும் உரசிய சத்தத்தில் கரையில் இருந்த கொக்குகள் பறந்தன. கொக்கியின் அடியில் ஒரு விரல் ஆழத்துக்குத் தடம் விழுந்தது. அது பிடியை விடவில்லை. வண்டி ஒரு முறை உறுமியது. மில்லும் மூட்டைகளும் டிரெய்லருமாக எல்லாம் கரையேறின.

பம்பர் கண்ணைத் திறந்து பார்த்தது. அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

ஈச்சம்பட்டியில் கழுதைகள் முந்திவிட்டிருந்தன. முதல் கழுதையின் முதுகில் ஒரு மூட்டை ஏறியாகிவிட்டது. ஊர்க்கவுண்டர் சத்தம் கேட்டுத் திரும்பினார். சேறு பூசிய அந்தப் பெரிய வண்டியைப் பார்த்ததும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"வந்துட்டியா தாயி! ரெண்டு தடவ ஏமாத்துனவ, யானைமேல ஏறி வந்திருக்கறயே. டேய், அந்த மூட்டைய இறக்குங்கடா!"

அன்று மலையில் எல்லோரையும்விட மகிழ்ந்தது அந்தக் கழுதைதான்.

மில் ஓடியது. உரலில் குத்திக் கை காய்த்த பெண்கள், தீட்டி வந்த சாமையை அள்ளி அள்ளிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி ஒரு கிண்ணத்தில் சந்தனம் கரைத்துக்கொண்டு வந்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் முழுவதும் ஓடைக்கரைச் சேறு. பின்னால் பம்பர் மட்டும் ஓடைத் தண்ணீரில் கழுவிப் பளபளவென்று நின்றது. சந்தனம் முழுவதையும் அதன் மேலேயே பூசினாள்.

பம்பர் பூசிக்கொண்டது.

மறுநாள் காலை நல்லம்மாள் பின்னால் வந்தாள். குனிந்து, கொக்கியின் அடியில் விழுந்திருந்த தடத்தை விரலால் தடவினாள். நிமிர்ந்து இரண்டு உதை உதைத்தாள். கொக்கி அசையவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் போய் ஏறி உட்கார்ந்தாள்.

"நேற்று பின்னால் நீ இருக்கிறாய் என்றுதான் நான் முன்னால் பார்த்துப் போனேன்" என்றது வண்டி.

"நீ இழுத்த இழுப்பை நானும் பார்த்தேன். வேறு எந்த வண்டியாலும் ஆகாது" என்றது கொக்கி. அது இப்படி யாரையும் புகழ்ந்ததில்லை.

"பம்பரே, நீயும் ஒரு வார்த்தை சொல்லிவிடேன். அன்று பட்டறையில் எல்லோர் முன்னாலும் சொன்னாயே, அதையாவது திரும்ப எடுத்துக்கொள்" என்றது வண்டி.

பம்பர் தன் மேலிருந்த சந்தனத்தைப் பார்த்தது. "இது காயட்டும். நாளைக்குச் சொல்கிறேன்" என்றது.

அதன் பிறகு மலையில் நான்கு முறை மழைக்காலம் வந்து போய்விட்டது. ஒவ்வொரு சாமை அறுவடைக்கும் வண்டி ஏறுகிறது. டிரெய்லர் நேராகப் பின்னால் வருகிறது. பம்பர் சொன்ன நாளைக்கு மட்டும் இன்னும் வரவில்லை. கொக்கி கேட்கவில்லை. பாறை போட்ட தடத்தில் ஒவ்வொரு ஆண்டும் புதுக் கிரீஸை வைக்கிறார்கள். தடம் அப்படியே இருக்கிறது.