உப்போடையின் பூஜ்யம்

சீடராக வந்து சேர்ந்தபோது டாக்டர் ஆவுடையப்பனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆசிரியை செண்பகவல்லி அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். மாவட்டத்தின் நோய்க் கண்காணிப்பு அறையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, ஊர் ஊராக வரும் எண்களைப் பார்ப்பதுதான் ஆசிரியையின் வேலை; அதைக் கற்கத்தான் டாக்டர் வந்திருந்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிய விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்க, டாக்டர்?"

"அங்க கடைசியா வர்றவங்களத்தான் பார்த்தேன், மேடம். ஊரே படுத்தப்புறம் தூக்கிட்டு வருவாங்க. முதல்ல விழுற ஆளை ஒரு தடவையாவது பார்க்கணும்."

"நோய் என்னன்னு அப்ப தெரியாது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், இருமல்னுதான் வரும். பரவாயில்லையா?"

"பேர் வைக்காமலே எண்ணணும்."

"ஆமா. முதல்ல நாட்கள வரிசைப்படுத்துங்க."

ஒவ்வொரு சுகாதார நிலையமும் மாலையில் அன்றைய எண்ணிக்கையை அனுப்பும். யாரும் வரவில்லை என்றால் பூஜ்யம் என்று அனுப்பும். டாக்டர் நோயாளிகள் வந்த நாட்களை மட்டும் எடுத்து மென்பொருளில் அடுக்கினார். செவ்வாய்க்குப் பக்கத்தில் சனி வந்து உட்கார்ந்துகொண்டது.

"நடுவுல உள்ள நாளெல்லாம் எங்க?" என்றார் ஆசிரியை.

"யாருமே வராத நாள் எதுக்கு, மேடம்?"

"யாரும் வரலேன்னாலும் சூரியன் வந்துச்சில்ல? எல்லா நாளும் வேணும். ஒரு நாளுக்கு ஒரு வரிசை."

டாக்டர் முணுமுணுத்தபடி மறுபடி அடுக்கினார். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நாளும் வந்து நின்றபின் கோடு போடச் சொன்னார் கணினியிடம்.

கோடு எழுந்தது. ஞாயிறுதோறும் தாழ்ந்தது, திங்கள்தோறும் உயர்ந்தது. மழைக்காலத்தில் மெல்ல ஏறியது, பொங்கலன்று தரையைத் தொட்டது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இத்தனை வருடம் படுக்கை படுக்கையாகப் பார்த்த மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே உடம்பாக மூச்சு விடுவது போலிருந்தது.

"மேடம், இது உயிரோட இருக்கு."

ஆசிரியை சிரித்தார். "காபி ஆறிப்போச்சு, குடிங்க."

அதன்பின் டாக்டர் ஒரு நாளையும் விட்டதில்லை. காலை பதினொரு மணிக்குள் அறிக்கை மேலே போக வேண்டும். எந்த ஊரில் கோடு எகிறியிருக்கிறதோ அங்கே தண்ணீர் பார்க்கும் குழு கிளம்பும். மற்ற ஊர்களுக்கு யாரும் போக மாட்டார்கள்.

ஒரு காலை, ஆசிரியை அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"உப்போடையில மூணு நாளா யாருக்கும் ஒண்ணும் இல்லையா?"

"சுத்தம், மேடம். பூஜ்யம்."

"அந்தப் பூஜ்யத்தை யார் அனுப்பினாங்க?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "அனுப்பல. காலியா இருந்துச்சு. எல்லா நாளும் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? கோடு அறுந்து போகுதேன்னு நான்தான் நிரப்பினேன்."

ஆசிரியை உப்போடை சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் ஓய்ந்தது.

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

"அறிக்கை, மேடம்? பதினொரு மணி..."

"நாம வந்துதான் அறிக்கை."

உப்பளங்களுக்கு நடுவே இருந்தது ஊர். சுகாதார நிலையத்தின் வாசலிலேயே ஆட்கள் படுத்திருந்தார்கள். நடை முழுக்கப் பாய். சன்னல் கம்பிகளில் எல்லாம் குளுக்கோஸ் பாட்டில்கள் தொங்கின. வாந்தியும் பிளீச்சிங் பவுடரும் கலந்த நெடி. செவிலியர் எஸ்தர் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்த டாக்டரம்மாவே ஒரு பாயில் சுருண்டு கிடந்தார்.

ஆவுடையப்பன் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். காலையில் அவர் கையால் அடித்த பூஜ்யம் இது. இத்தனை பேர் அதற்குள் இருந்தார்கள்.

எஸ்தர் நிமிர்ந்து பார்த்தாள். "ஆபீஸ்ல இருந்து கணக்குக் கேட்டு வந்திருந்தா நாளைக்கு வாங்க, சார். ஊசி போடத் தெரிஞ்சா உள்ள வாங்க."

"தெரியும்மா," என்று செருப்பைக் கழற்றினார் டாக்டர்.

"மூணு நாளா எண்ணிக்கை வரலியே?" என்று மெதுவாகக் கேட்டார் ஆசிரியை.

"எண்ண எங்கம்மா நேரம்? போன் எங்க கிடக்கோ."

ஆசிரியை குடிநீர்த் தொட்டியைப் பார்க்கப் போனார். குழாயில் சாக்கடை கலந்திருந்தது. வால்வை அடைக்கச் செய்தார். மதியத்துக்குள் தண்ணீர் லாரியும் ஆட்களும் மருந்தும் வந்து சேர்ந்தன. டாக்டர் நரம்பு தேடித் தேடி ஊசி ஏற்றினார். சாயங்காலம் ஒரு சிறுமி மட்டும் கண் திறக்காமல் கிடந்தாள். டாக்டர் அவள் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடும் நேரத்தில் அவள் கண் திறந்து, "இது யாரும்மா, இப்படி முறைக்காரு?" என்று தாயிடம் கேட்டாள்.

உப்போடையில் யாரும் சாகவில்லை.

மறுநாள் டாக்டர் கணினி முன் உட்கார்ந்தார். மூன்று பூஜ்யங்களையும் அழித்தார். கை அங்கேயே நின்றது.

"மேடம், இதுல என்ன போடட்டும்? தினம் நாப்பது அம்பது பேர் வந்திருப்பாங்கன்னு எஸ்தர் சொல்லுது."

"எண்ணினாளா?"

"இல்ல. குத்துமதிப்பா."

"அப்ப காலியாவே விடுங்க."

"கோடு அறுந்து நிக்குமே. பார்க்கிறவங்க பதறிப்போவாங்க."

ஆசிரியை திரையைப் பார்த்தார்.

"அந்த நாற்காலியில நாளைக்கு வேற யாரோ உட்காருவாங்க, டாக்டர். அவங்களும் பதறி வண்டி எடுக்கட்டும்."